அபிடோஸ் கோயில் உத்தரத்தில் இருப்பது ஹெலிகாப்டரா? விவரம் அறிந்தோர் விளக்க வேண்டுகிறேன்

மண்டபத்து வாசகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, ஆளுக்கு ஒரு பொருளைப் பற்றிப் பேசிப் பழகுவது வழக்கம். பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் உடனிருந்து கேட்போம். சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் அக்காள் மகனின் முறை. எகிப்தில் அபிடோஸ் என்னும் ஊரில் முதலாம் சேத்தி மன்னன் எடுத்த கோயிலின் உத்தரக் கல்லில் ஹெலிகாப்டரும் நீர்மூழ்கிக் கப்பலும் ஜெட் விமானமும் செதுக்கப்பட்டிருக்கின்றன என்றும், தெந்தேராவில் உள்ள ஹத்தோர் கோயிலின் நிலவறைச் சுவரில் ஆளுயர மின்விளக்கு ஒன்று அதன் கம்பியோடு காட்டப்பட்டிருக்கிறது என்றும், கல்லறைகளின் உட்கூரையில் விளக்குக் கரி படியாமலிருப்பதே எகிப்தியர் மின்சாரம் அறிந்திருந்ததற்குச் சான்று என்றும் அவன் பேசினான். கைப்பேசியில் பார்த்த காணொளி ஒன்றிலிருந்து எடுத்த படங்களையும் காட்டினான். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கும் ஹெலிகாப்டராகத்தான் தெரிந்தது. மேலே சுழலும் தகடு, கீழே உடல், பின்னால் வால், எல்லாம் இருக்கின்றன. உச்சிப்புளிக் கடற்படைத் தளத்திலிருந்து எழுந்து எங்கள் வீட்டு ஓட்டுக்கு மேலே பறக்கும் ஹெலிகாப்டர்களைத் தினமும் பார்த்து வளர்ந்த பிள்ளை அவன்; அவனுக்கு வேறு எதுவாகத் தெரியும்? "அதெல்லாம் கட்டுக்கதை" என்று ஒரே சொல்லில் அடக்கிவிட எனக்கு மனமில்லை. அப்படி அடக்கினால், "அப்படியானால் அது என்ன, மாமா?" என்று அவன் கேட்கும் அடுத்த கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அந்தக் கல் உண்மையானதுதானா, அறிஞர்கள் அதை எப்படிப் படிக்கிறார்கள், கரி படியாத கூரை பற்றிய கூற்றில் ஏதேனும் உண்மை உண்டா என்பவற்றை அறிந்தவர்கள் விளக்கினால் அடுத்த கூட்டத்தில் பிள்ளைகளிடம் சொல்லுவேன்.

கீழக்கரை மரைக்காயர் எழுதியது:

வாசகன் தம்பிக்கு ஸலாம். கல் உண்மையானது, நான் அதன் கீழே கழுத்து வலிக்க நின்று பார்த்தவன். ஜித்தாவில் வேலை பார்த்த கடைசி ஆண்டில் குடும்பத்தோடு லக்சருக்குப் போயிருந்தோம். அங்கிருந்து காலையில் புறப்பட்டு, வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் உள்ள தெந்தேராவையும், அதற்கு அப்பால் அபிடோஸையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பினோம். அபிடோஸ் கோயிலுக்குள் நுழைந்ததும் வழிகாட்டி கைவிளக்கை மேலே அடித்து, "இதோ ஹெலிகாப்டர்" என்றுதான் தொடங்கினார். எங்களை மகிழ்விக்க அவர் அறிந்த வழி அது. அந்தக் கோயிலில் மன்னர் பெயர்களின் நீண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. எகிப்திய வரலாற்றின் வரிசையை அறிய உதவிய தலையாய சான்றுகளுள் ஒன்று. அதன் முன்னே எங்களை இரண்டு நிமிடம்கூட அவர் நிற்க விடவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

நேரில் பார்த்தால் அது படத்தில் தெரிவது போல அத்தனை கூர்மையாக இல்லை. கல்லின் பரப்பில் இரண்டு ஆழங்களில் வெட்டு இருப்பதையும், சில பள்ளங்களில் சுண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதையும் கண்ணால் காணலாம். பெரிய கோயிலின் பணி முடியுமுன் சேத்தி இறந்துவிட, அவன் மகன் இரண்டாம் ராம்சேஸ் பணியைத் தொடர்ந்தான். தந்தையின் விருதுப்பெயர் வெட்டப்பட்டிருந்த இடத்தைச் சுண்ணச் சாந்தால் அடைத்து, அதன் மேல் தன் விருதுப்பெயரை வெட்டச் செய்தான். மூவாயிரம் ஆண்டுகளில் சாந்து உதிர்ந்தது. இப்போது இரண்டு எழுத்துகளும் ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரிகின்றன. முதலில் இருந்தது "ஒன்பது விற்களையும் விரட்டுபவன்" என்ற பொருளுடையது. ஒன்பது விற்கள் என்பது எகிப்தின் பகைவர் அனைவரையும் குறிக்கும் வழக்கு. பிறகு வெட்டியது "எகிப்தைக் காப்பவன், அயல்நாடுகளை அடக்குபவன்" என்பது.

தெந்தேராவில் நிலவறைக்குள் குனிந்து, சில இடங்களில் ஏறத்தாழத் தவழ்ந்து இறங்க வேண்டும். உள்ளே காற்றோட்டம் குறைவு. என் மனைவி பாதி வழியிலேயே திரும்பிவிட்டார். "மின்விளக்கு" என்று சொல்லப்படும் சிற்பத்தில், தாமரை மலர் ஒன்றிலிருந்து ஒரு பாம்பு நெளிந்து வெளிப்படுகிறது. அதைச் சூழ்ந்து நீண்ட உறை போன்ற வடிவம் இருக்கிறது. கண்ணாடிக் குமிழ் என்று சொல்வது அதைத்தான். மின்கம்பி என்று சொல்லப்படுவது தாமரையின் தண்டு. மின்காப்பான் என்று காட்டப்படுவது, எகிப்து முழுவதும் தாயத்துகளிலும் சவப்பெட்டிகளிலும் ஆயிரக்கணக்கில் காணப்படும் "ஜெத்" என்னும் நிலைபேற்றுத் தூண். படைப்பின் முதற்காலையில் தாமரையிலிருந்து பாம்பு வடிவில் தோன்றும் ஹர்சோம்துஸ் என்னும் தெய்வமே அந்தப் பாம்பு என்று சிற்பத்தைச் சுற்றியுள்ள எழுத்துகளே சொல்லுகின்றன. அவை இன்ன உலோகத்தால் செய்தது, இத்தனை உயரம் என்று திருவுருவங்களின் விவரத்தையும் தருகின்றன. அந்த அறைகள் வழிபாட்டுத் திருமேனிகளைப் பாதுகாக்கும் கருவூலங்களாக இருந்தவை.

காணொளிகள் "ஐயாயிரம் ஆண்டு" என்று அளப்பது வேறு. இன்று நிற்கும் தெந்தேராக் கோயிலைக் கட்டத் தொடங்கியது கி.மு. 54இல், கிளியோபாட்ராவின் தந்தை காலத்தில். கண்ணாடியை ஊதிக் குமிழாக்கும் கலையே கிழக்கு மத்தியதரைக் கடற்கரையில் அந்த நூற்றாண்டில்தான் தலைகாட்டியது. ஆளுயரக் குமிழ் ஊதி, அதிலிருந்து காற்றை வெளியேற்றி, அது நொறுங்காமல் வைத்திருந்தார்கள் என்பதற்கு ஓர் உடைந்த சில்லாவது கிடைத்திருக்க வேண்டாமா?

கரியைப் பற்றி ஒரு சொல். கல்லறை குடைந்த கைவினைஞர்கள் வாழ்ந்த தெய்ர் எல்-மெதினா ஊரில் கிடைத்த ஓட்டுச் சில்லுகளில், வேலைக்கு இத்தனை திரிகள் கொடுக்கப்பட்டன என்று நாள்கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. கொழுப்பிலோ எண்ணெயிலோ ஊறிய துணித்திரிகள். உப்பும் எண்ணெயும் நிரப்பிய அகல்களை எகிப்தியர் ஏற்றியதைப் பழங்கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸும் எழுதியிருக்கிறார். கரியே இல்லை என்பதும் தவறு: தெந்தேராவின் பெரிய மண்டபக் கூரை கரி மூடிக் கிடந்து, அண்மைக் காலத்தில்தான் துடைக்கப்பட்டது. கரிக்கு அடியிலிருந்து வெளிப்பட்ட நீல வண்ணத்தை நான் பார்த்தேன். அதற்காகவே இன்னொரு முறை போகலாம்.

பாம்பன் தூரிகை எழுதியது:

மரைக்காயர் காக்கா (எங்கள் பக்கத்தில் அண்ணன் என்று பொருள்) சொன்ன சுண்ணச் சாந்தின் கதை எனக்கு உடனே புரிந்துவிட்டது. முப்பது ஆண்டுகளாகப் படகுகளுக்குப் பெயர் எழுதுவது என் தொழில். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறும்போது எங்களுக்குக் கை ஓயாது. கைமாறிய படகில் வாங்கியவர் முதலில் செய்யச் சொல்வது பெயர் மாற்றத்தைத்தான். என் குருநாதர் மரப்படகுகளின் அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், எழுத்தின் விளிம்பை உளியால் இலேசாகக் கீறிவிட்டுத்தான் வண்ணம் தீட்டுவார். ஆகவே பழைய பெயரைச் சுரண்டினால் மட்டும் போதாது. பள்ளத்துக்குப் பட்டி பார்த்து, தேய்த்து, அதன் மேல் புதிய பெயரைக் கீற வேண்டும். பட்டி நன்றாக உலருமுன் கடலில் இறக்கினால் இரண்டே பருவத்தில் உப்பு அதைத் தின்றுவிடும். பிறகு இரண்டு பெயர்களும் எட்டிப் பார்க்கும்.

பாம்பன் தெற்குவாடிக் கரையில் இப்போது அப்படி ஒரு படகு நிற்கிறது. ஒரு காலத்தில் "கடல் அன்னை". பிறகு "வெற்றி மாதா". பட்டி உதிர்ந்துபோய், "அன்னை"யின் சுழிகள் இரண்டு சக்கரங்களாகவும், "மாதா"வின் துணைக்கால்கள் கைப்பிடியும் இருக்கைத் தண்டுமாகவும் விழுந்திருக்கின்றன. ஐம்பது அடி தள்ளி நின்று பார்க்கிறவர்கள் மிதிவண்டிப் படம் என்று சத்தியம் செய்வார்கள். சுற்றுலா வந்த வடநாட்டுக் குடும்பம் ஒன்று, படகில் ஏன் சைக்கிள் வரைந்திருக்கிறீர்கள் என்று என்னையே கேட்டது. தமிழ் எழுத்து தெரிந்த எவரும் அப்படிக் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. கல்லில் முதலில் எதை வெட்டினார்கள், பிறகு எதை வெட்டினார்கள் என்று இத்தனை காலம் கழித்து எப்படிப் பிரித்தறிகிறார்கள்? எங்களுக்குப் படகின் சொந்தக்காரர் சொல்லுவார். அங்கே யார் சொல்லுவது?

சேதுக்கரைவாசி எழுதியது:

மேலே எழுதிய பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். இந்த விளக்கங்கள் எல்லாம் மிக எளிதாக அமைந்துவிடுகின்றன. ஐரோப்பிய அறிஞர் எழுதியதையே நாம் திரும்பச் சொல்லுகிறோம். அவர்கள் தவறியதே இல்லையா? தம்மால் இயலாதது முன்னோரால் இயன்றது என்று ஒப்புக்கொள்ள அவர்களுக்கு மனம் வராது. பத்து இலட்சக்கணக்கான கற்களை அடுக்கிப் பிரமிடு கட்டியவர்களுக்குப் பறக்கும் ஊர்தி ஒன்றைக் கற்பனை செய்திருக்கக்கூடவா முடியாது? திருச்சி உறையூரில் பஞ்சவர்ணசுவாமி கோயிலில் மிதிவண்டி ஓட்டும் மனிதனின் சிற்பமே இருக்கிறது. அதற்கும் இரண்டு பெயர்கள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்ததுதான் காரணம் என்பீர்களா? மரைக்காயர் அவர்கள் கோபிக்க வேண்டாம். கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

தேவிபட்டினம் கல்வெட்டு மாணவி எழுதியது:

சேதுக்கரை ஐயாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஐரோப்பிய அறிஞர்கள் தவறியிருக்கிறார்கள். மிகப் பெரிதாகத் தவறியிருக்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில் அத்தனாசியஸ் கிர்ச்சர் என்ற பேரறிஞர் எகிப்திய எழுத்து ஒவ்வொன்றையும் மறைபொருள் உணர்த்தும் ஓவியமாகக் கொண்டு, ஒரு மன்னன் பெயருக்குப் பத்தி பத்தியாகத் தத்துவ விளக்கம் எழுதினார். அவ்வளவும் வீண். எழுத்தை எழுத்தாகப் படிக்காமல் படமாகப் பார்த்ததுதான் அவர் செய்த பிழை. 1799இல் ரொசெட்டாக் கல் கிடைத்தது. கி.மு. 196ஆம் ஆண்டின் ஆணை ஒன்று படவெழுத்திலும் மக்கள் வழக்கு எழுத்திலும் கிரேக்கத்திலும் அதில் இருந்தது. பழைய எகிப்திய மொழியின் பிற்கால வடிவமான காப்டிக்கை நன்கு கற்றிருந்த பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் 1822இல், ஒரு பெயர்ச் சட்டகத்துக்குள் கதிரவன் வட்டத்தைக் கண்டு, காப்டிக்கில் கதிரவனுக்கு உள்ள "ரே" என்னும் சொல்லை நினைத்து, அடுத்துள்ள ஒலிகளையும் கூட்டி "ராம்சேஸ்" என்று படித்தார். ஹெலிகாப்டர் கல்லில் பின்னால் பெயர் வெட்டச் செய்தவனும் அதே ராம்சேஸ்தான். ஆக, காணொளிக்காரர்கள் புதிய வழி எதையும் திறக்கவில்லை. ஷாம்போலியோன் மூடிய கிர்ச்சரின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பாம்பன் அண்ணன் கேட்ட வினா எனக்கு மிகவும் பிடித்தது. சொந்தக்காரர் இல்லாத இடத்தில் சொல்பவை மற்றக் கற்கள். எகிப்திய மன்னனுக்கு ஐந்து விருதுப்பெயர்கள் உண்டு. அவற்றுள் ஒன்று வடக்கு தெற்கு எகிப்துகளைக் காக்கும் நாகத் தெய்வம், கழுகுத் தெய்வம் ஆகிய இரு தேவியரின் பெயரால் வழங்குவது. நாம் பேசிக்கொண்டிருப்பது அந்தப் பெயரைத்தான். நம் சோழர் கல்வெட்டுகளில் மெய்க்கீர்த்தி மாறாத தொடராக வருவதையும், சேதுபதிகளின் செப்பேடுகளில் "இரணியகர்ப்பயாஜி" என்ற விருது திரும்பத் திரும்ப வருவதையும் நினைத்துக்கொள்ளுங்கள். கல் பாதி உடைந்திருந்தாலும் மீதியை நாம் நிரப்ப முடிவது அதனால்தான். ராம்சேஸின் இந்த விருதுப்பெயர் வேறு கற்களில் எவ்விதக் கலப்புமின்றித் தெளிவாக வெட்டப்பட்டிருக்கிறது. சேத்தியின் பெயரும் அப்படியே. இரண்டையும் தனித்தனியே எழுதி ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால், உத்தரத்தில் உள்ள கோடுகள் கணக்குத் தீர்ந்துவிடும். எது முந்தியது என்பதற்குத் தந்தை மகன் முறையே போதும்.

படமும் எழுத்தும் பற்றி நம் ஊர்ச் சான்று ஒன்று. வைகை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே உள்ள அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. அந்த எழுத்தில் "க" அச்சாகக் கூட்டல் குறி போலவே இருக்கும். "ர" ஒரு நேர்க்கோடு. அதைப் படிக்கத் தெரியாதவர், நம் மீனவர்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பானையில் கணக்குப் போட்டார்கள் என்று காணொளி வெளியிடலாம். எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல்-காதிம் என்னும் பழந்துறைமுகத்திலும் தமிழ்ப் பிராமி ஓடு ஒன்று கிடைத்தது. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதை "பானை ஒறி" என்று படித்தார். உறியில் தொங்கும் பானை! எனக்கு விமானத்தைவிட அந்த உறிப் பானை பெரிய வியப்பாக இருக்கிறது; நம் பாட்டியின் சமையற்கட்டுச் சொல் எகிப்தின் கரையில் கிடக்கிறது.

தெந்தேரா எழுத்துகளில் உலோகமும் உயரமும் வருவதாகக் காக்கா எழுதினார். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள் செப்புத் திருமேனிகளை முழமும் விரலுமாக அளந்து சொல்வதைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இராது. கோயில் கருவூலக் கணக்கு எந்த நாட்டிலும் ஒரே குணம்தான்.

ஐயா சொன்ன உறையூர் மிதிவண்டியும் உண்மையில் இருக்கிறது. அங்கே எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்றாக விழவில்லை, அது மிதிவண்டியேதான். அந்தக் கோயில் 1920களில் திருப்பணி கண்டபோது, அப்போது புதுமையாக ஊருக்குள் வந்த மிதிவண்டியைச் சிற்பி கல்லில் வடித்தார் என்பதே ஆய்வாளர் தரும் விளக்கம். கோயில் பழையது என்பதற்காக அதன் ஒவ்வொரு தூணும் பழையதாகிவிடாது.

ராம்சேஸைப் பற்றி ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். தன்னைப் புகழ்ந்துகொள்வதில் அவனுக்கு நிகர் அவனே. ஹித்தைட்டுகளோடு காதேசில் நடந்த போரை, தான் தனித்து நின்று வென்றதாகப் பல கோயில்களின் சுவர்களில் செதுக்க வைத்தான். அபிடோஸில் அவன் தனக்காகக் கட்டிய கோயிலிலும் அந்தப் போர்க் காட்சி உண்டு. அந்தக் காட்சிகளில் அவன் போரிடுவது குதிரை பூட்டிய தேரில் நின்று. ஹெலிகாப்டர் ஒன்று கையில் இருந்திருந்தால் அதை உத்தரத்தின் மூலையில் ஒளித்து வைத்துவிட்டுத் தேரேறியிருப்பானா அந்த மனிதன்?

கமுதிப் பக்கத்து மின்பணியாளர் எழுதியது:

வரலாறு எனக்குத் தெரியாது, மின்சாரம் தெரியும். எங்கள் பக்கத்தில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது. அதை நாளைக்கே மணல் மூடி ஈராயிரம் ஆண்டு கழித்து எவராவது தோண்டினாலும், கண்ணாடிப் பலகை, இரும்புச் சட்டம், செம்புக் கம்பி, பீங்கான் காப்பான் என்று அள்ளி மாளாது. ஒரு விளக்கு எரிய, விளக்கு மட்டும் போதாது. மின்னாக்கி வேண்டும், போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் வேண்டும். அந்தச் சிற்பத்தில் கம்பி என்று சொல்லத் தாமரைத் தண்டு ஒன்றுதான் இருக்கிறது, திரும்பும் கம்பி இல்லை. சுற்று முடியவில்லை, எரியாது. ரொட்டித் துண்டும் துணித்திரியும்கூடக் கெடாமல் கிடைக்கும் அந்த வறண்ட நாட்டில் ஒரு முழம் மின்கம்பி கிடைக்கவில்லை என்றால், இல்லை என்றுதான் நாங்கள் எழுதிக் கொடுப்போம்.

மண்டபத்து வாசகன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மருமகனிடம் எதையும் முன்கூட்டிச் சொல்லாமல் நேற்று மாலை தெற்குவாடிக்கு அழைத்துப் போனேன். தூரத்தில் நின்று, "சைக்கிள்" என்றான். அருகில் போனதும் சிரித்துவிட்டான். ஆனால் பெயர்களைப் பிரிக்கச் சற்று நேரம் திணறினான். பிறகு நாலைந்து படகு தள்ளி "கடல் அன்னை 2" என்று தெளிவாக எழுதிய இன்னொரு படகு நிற்பதைக் கண்டு, அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்து, ஒவ்வொரு எழுத்தாக அடித்துக்கொண்டே போனான். மிஞ்சியது "வெற்றி மாதா". அதன் பிறகே மாணவி எழுதிய மறுமொழியைப் படிக்கக் கொடுத்தேன். ராம்சேஸின் பெயர் கலப்பில்லாமல் உள்ள கல்லின் படம் ஒன்றும், அதேபோலச் சேத்தியின் பெயர் உள்ள படம் ஒன்றும் கிடைத்தால், மெல்லிய தாளில் இரண்டையும் வரைந்து பிள்ளைகள் முன்னால் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துக் காட்ட வேண்டும் என்கிறான். யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.

பாம்பன் தூரிகை எழுதியது:

படகின் புகைப்படமும் வேண்டுமென்றால் இந்த வாரத்துக்குள் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். திங்கட்கிழமை அதற்குப் பட்டி பார்க்கிறோம்.